தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம்: ஜோ டெரேனின் பெட்டி

நாடகக் கொட்டகையில் ஆர்மோனியத்தைப் 'பெட்டி' என்பார்கள். அயர்லாந்துக்காரர்களும் பட்டன் அக்கார்டியனை 'பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். வாசிப்பவர் 'பாக்ஸ் பிளேயர்'. துருத்திக் காற்றில் உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பதில் இரண்டும் ஒரே குடும்பம். ஒற்றுமை அதோடு சரி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். ஐரிஷ் பெட்டியில் ஒரே பட்டனை அழுத்தியபடி துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம்.

இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மனிதரின் முழுத் தொழில்வாழ்க்கையையே எப்படி வளைத்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஆள், பாஸ்டன் நகரத்து ஜோ டெரேன் (1930–2016). இருபது வயதைத் தொடும் முன்பே இசைத்தட்டு போட்டுப் பெயர் வாங்கியவர். முப்பதை ஒட்டிய வயதில் பட்டன் பெட்டியைக் கீழே வைத்தவர். 64 வயதில் மறுபடி அதே பெட்டியோடு மேடையேறி, அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுக்கு மேல் வாசித்தவர். இவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'மறக்கப்பட்ட மேதை திரும்பி வந்தார்' என்று கண் கலங்கி முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் போனார், திரும்பி வந்தபோது விரலும் கையும் எதை மறுபடி கற்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் முதலில் பெட்டியைத் திறந்துவிடலாம்.

இரண்டு வரிசைப் பெட்டியில் வலது கைக்கு 21 அல்லது 23 பட்டன், இடது கைக்கு 8 பேஸ் பட்டன். ஒவ்வொரு வரிசையும் ஒரு சுருதிக்கு உரியது. இரு வரிசைக்கும் நடுவே அரைச்சுர இடைவெளி. டெரேன் வாசித்த பெட்டியில் வெளி வரிசை டி, உள் வரிசை சி ஷார்ப். (டி, சி எல்லாம் மேல்நாட்டுச் சுரப் பெயர்கள். ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே, ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் கீழே.) டி வரிசையில் மட்டும் ஓர் ஆரோகணம் ஏறிப் பார்ப்போம். டி-யை 'ச' என்று வைத்துக்கொண்டால் இது சங்கராபரணம். ச தள்ளு, ரி இழு, க தள்ளு, ம இழு, ப தள்ளு, த இழு, நி இழு, மேல் ச தள்ளு. ச-வும் ரி-யும் ஒரே பட்டன். க-வும் ம-வும் அடுத்த பட்டன். ப-வும் த-வும் அதற்கடுத்தது. நான்காவது பட்டனில் மட்டும் ஒழுங்கு புரண்டுவிடும்: இழுத்தால் நி, தள்ளினால் மேல் ச. புதிதாகக் கற்பவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். மூன்று பட்டன் வரை 'முதலில் தள்ளு, பிறகு இழு' என்று பழகிய கை, நான்காவதிலும் முதலில் தள்ளி, நி வர வேண்டிய இடத்தில் மேல் ச-வை எழுப்பிவிடும்.

எட்டுச் சுரம் ஏறுவதற்குள் துருத்தி ஆறு முறை திசை மாறுகிறது. இந்தப் பாணிக்குப் 'பிரெஸ் அண்ட் டிரா' என்று பெயர், அதாவது தள்ளி இழுப்பது. ஒவ்வொரு திசை மாற்றத்திலும் காற்று ஒரு கணம் நின்று மறுபடி கிளம்புவதால், சுரத்துக்குச் சுரம் ஓர் அழுத்தம் தானாக விழும். ஆடுகிறவர் காலுக்கு வேண்டியது அந்த அழுத்தம்தான்.

இன்றைக்கு அயர்லாந்தில் பெரும்பாலானோர் வாசிப்பது பி–சி பெட்டி: வெளி வரிசை பி, உள் வரிசை சி. அதில் டி வரிசை என்று ஒன்றே கிடையாது. அதே ஆரோகணத்தை இரண்டு வரிசையிலும் குறுக்கே தாவித்தான் வாசிக்க வேண்டும். ச இழு, ரி, க, ம மூன்றும் தள்ளு, ப, த, நி, ச நான்கும் இழு. திசை மாற்றம் இரண்டே முறை. சுரங்கள் வழுக்கிக்கொண்டு போகும், ஐந்து சுர உருட்டல் என்ற அலங்காரமும் அழகாக விழும். டிப்பரரி மாவட்டத்தில் நீனா ஊருக்குப் பக்கத்தில் பிறந்த பேடி ஓ'பிரயன் (1922–1991) இந்த முறையைக் கையாண்டு 1950களில் இசைத்தட்டும் போட்ட பிறகு, அயர்லாந்தில் பெட்டிக்காரர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். அமெரிக்க ஐரிஷ்காரர்கள் பழைய பக்கமே நின்றுவிட்டார்கள். நியூயார்க்கில் அவர்களுக்காகப் பெட்டி செய்த இத்தாலியர்களின் பட்டறைகளும், வால்டர்ஸ் போன்ற பெயர்களும் டி–சி ஷார்ப் பெட்டியையே நிறையச் செய்து கொடுத்தன. காரணம் எளியது. அதற்கு முந்தைய தலைமுறை வாசித்தது பத்துப் பட்டன் உள்ள ஒற்றை வரிசை மெலோடியன். அதில் பழகிய விரல் அப்படியே டி வரிசையில் உட்காரும். இல்லாத சுரம் வேண்டும்போது மட்டும் உள் வரிசைக்கு எட்டினால் போதும்.

டெரேனும் அந்த வழியில்தான் வந்தார். தந்தை ஆரன் தீவுகளில் ஒன்றான இனிஷ்மோரிலிருந்து வந்தவர், தாய் ராஸ்காமன் மாவட்டத்துக்காரர். மகன் பிறந்தது பாஸ்டனில். பத்து வயதுவாக்கில் ஜெரி ஓ'பிரயனிடம் பாடம். (டிப்பரரிப் பேடி வேறு, இவர் வேறு. இவர் கார்க் மாவட்டத்துக் கின்சேல்காரர். ஐரிஷ் இசையில் ஓ'பிரயன்களை எண்ணி மாளாது.) முதலில் பத்துப் பட்டன் பெட்டி, பிறகு இரண்டு வரிசை. இந்த வரிசைமுறையை நான் பெரிதாக மதிக்கிறேன். பத்தே பட்டனில் கற்பவருக்கு ஒரு சுரத்தைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. அதனால் துருத்திக்கை முதலில் தேறும். நேராக இரண்டு வரிசையில் தொடங்குகிறவர்கள் எந்தச் சுரத்தை எந்த வரிசையில் எடுப்பது என்று விரலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள். கை வெறுமனே பின்னால் இழுபடும்.

உள் வரிசையின் உபயோகத்துக்கு ஓர் உதாரணம் போதும். ஐரிஷ் மெட்டுகளில் டி-க்கு அடுத்தபடி அதிகம் வருவது ஜி. ஜி ஆரோகணத்துக்குச் சாதா 'சி' வேண்டும். டி வரிசையில் சி ஷார்ப்தான் இருக்கிறது. சாதா 'சி' உள் வரிசையில், இழுப்பில். அதே உள் வரிசையில் எஃப் ஷார்ப்பும் இழுப்பில் கிடைக்கும். டி வரிசையிலோ அது தள்ளலில் இருக்கிறது. ஜி மெட்டின் முடிவில் ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று ஏறும்போது வெளி வரிசையிலேயே இருந்தால் இழு, தள்ளு, இழு. எஃப் ஷார்ப்பை உள் வரிசையில் எடுத்தால் மூன்றும் ஒரே இழுப்பு. எப்போது வெட்டி வாசிப்பது, எப்போது சேர்த்து வாசிப்பது என்பதை வாசிப்பவர் அங்கேயே முடிவு செய்யலாம். நல்ல டி–சி ஷார்ப் வாசிப்பில் ஒரே மெட்டு முதல் சுற்றில் ஒருவிதமாகவும் மூன்றாம் சுற்றில் வேறுவிதமாகவும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜி மெட்டில் இன்னொரு தொல்லை உண்டு. ஜி, பி, சி, ஈ எல்லாம் இழுப்புச் சுரங்கள். வாசிக்க வாசிக்கத் துருத்தி விரிந்துகொண்டே போய், மெட்டின் நடுவில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு காற்றுப் பட்டன் இருக்கிறது. ஏ-யோ டி-யோ வரும் தள்ளல் சுரங்களில் அதை அரைகுறையாக அழுத்தினால், சுரமும் ஒலிக்கும், துருத்தியும் வழக்கத்தைவிட அதிகம் சுருங்கும். முழுக்க அழுத்தினால் சுரம் செத்துப்போகும். பலர் இதை ஒரு பகுதியின் கடைசியில் மட்டும் செய்து 'புஸ்' என்று மூச்சு விடுவதுபோல் சத்தம் எழுப்புவார்கள். நான்கு சுரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொள்வதுதான் சரி.

இனி ஆட்டக் கூடம். பாஸ்டனின் ராக்ஸ்பரிப் பகுதியில் டட்லி தெருவை ஒட்டி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஐந்து ஐரிஷ் நடனக் கூடங்கள் இருந்தன: இன்டர்கொலோனியல், ஹைபெர்னியன், வின்ஸ்லோ, ரோஸ் க்ருவா, டட்லி ஸ்ட்ரீட் ஓபரா ஹவுஸ். வியாழனும் சனியும் கூட்டம் அள்ளும். வியாழன் எதற்கு என்றால், பணக்கார வீடுகளில் வேலை பார்த்த ஐரிஷ் பெண்களுக்கு அன்றைக்கு மாலை ஓய்வு. ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்களும் அங்கேதான் வருவார்கள். வேலை, வாடகை அறை, கல்யாணம் எல்லாம் அந்தத் தரையில்தான் பேசி முடியும். ஐந்தில் 1913இல் கட்டிய ஹைபெர்னியன் கூடம் மட்டும் இன்னும் அங்கே கலை மையமாக நிற்கிறது.

அந்தக் கூடங்களின் இசைக்குழுவில் சாக்ஸஃபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாம் இருக்கும். பாதி நேரம் ஐரிஷ் ஆட்டம், பாதி நேரம் அமெரிக்க ஃபாக்ஸ்ட்ராட்டும் வால்ட்ஸும். மரத்தரையில் நூற்றுக்கணக்கான காலடி. ஒலிபெருக்கி அன்று ஏனோதானோ. அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கக்கூடிய ஐரிஷ் வாத்தியம் பெட்டிதான். ஃபிடிலும் புல்லாங்குழலும் மூழ்கிவிடும். ஆகவே நல்ல பெட்டிக்காரருக்கு வாரத்தில் பல இரவு வேலை நிச்சயம்.

என்ன வேகத்தில் வாசித்தார்கள்? ரீல் என்பது வேகமான ஐரிஷ் ஆட்ட மெட்டு. அதில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 8 அளவு, அதாவது எட்டுத் தாளக் கட்டம். ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்றுக்கு 32 அளவு. அளவுக்கு இரண்டு அடி. நிமிடத்துக்கு 112 அடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 34 நொடி. அளவுக்கு எட்டுச் சிறு சுரங்கள் என்பதால், அந்த 34 நொடிக்குள் 256 சுரம், நொடிக்கு ஏழரை. அதில் துருத்தி நொடிக்கு நாலைந்து முறை திசை மாறும். இதற்கு மேல் அலங்காரம். ஐந்து சுர உருட்டலுக்குத் தள்ளி இழுக்கும் பெட்டி அவ்வளவு தோதானதல்ல. நடுவில் திசை மாறிவிடும். அதற்குப் பதில் 'ட்ரிப்லெட்' வரும்: ஒரே பட்டனை இரண்டு அல்லது மூன்று விரல் அடுத்தடுத்துத் தட்டி, ஒரு சுரத்தின் இடத்தில் மூன்று. டெரேனின் பெயர் சொன்னால் பெட்டிக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது இந்தத் தட்டல்தான். பட்டாசுச் சரம் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வெடிக்கும். மற்றவர் செய்யும்போது என்ன தப்பாகிறது என்றால், விரல் வேகமாகத் தட்டும்போது கையும் பதறித் துருத்தியை அமுக்கிவிடும். மூன்று சுரமும் ஒட்டிக் குழம்பும். துருத்தி அழுத்தம் சீராக இருக்க வேண்டும், விரல் பட்டனைவிட்டு முழுக்க எழும்ப வேண்டும். பட்டனுக்குக் கீழுள்ள ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் வராது. பட்டன் மேலெழுவதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடும்.

இசைத்தட்டு விஷயத்தில் ஒரு கிளைக்கதை. 1916இல் நியூயார்க்கில் எலன் ஓ'பர்ன் டிவிட் என்ற கடைக்காரப் பெண்மணி, ஐரிஷ் இசைத்தட்டு கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து கொலம்பியா நிறுவனத்திடம் போனார். 500 தட்டு நீங்களே வாங்கிக்கொள்வதானால் பதிகிறோம் என்றார்கள். அவர் மகன் ஜஸ்டஸ் தேடிப் பிடித்து வந்தது எடி ஹெர்போர்ன், ஜேம்ஸ் வீலர் என்ற இருவரை. ஒருவர் அக்கார்டியன், மற்றவர் பாஞ்சோ. தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. (அதற்கும் முன்பே ஐரிஷ் மெட்டுகளைப் பத்துப் பட்டன் பெட்டியில் அற்புதமாகப் பதிந்தவர் புரூக்ளினின் ஜான் கிம்மல். அவர் ஜெர்மானியர்களின் பிள்ளை என்பதை ரத்தப் பெருமை பேசுகிறவர்களுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துவது நல்லது.) அந்த ஜஸ்டஸ்தான் பின்னாளில் ராக்ஸ்பரியில் கடை வைத்து, காப்லி என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டவர். 1940களின் கடைசியில் காப்லிக்காக டெரேன் பதிந்தது 8 தட்டு, 16 பக்கம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். மெட்டின் ஒரு சுற்றுக்கு 34 நொடி என்ற கணக்கில் ஐந்து சுற்றுதான் கொள்ளும். அதனால் இரண்டு மெட்டைக் கோத்து, ஒன்றை மூன்று முறை, மற்றதை இரண்டு முறை என்று முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கூடத்தில் ஆட்டம் முடியும்வரை பத்துச் சுற்றுகூடப் போகும். வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. கடைசிச் சுற்றில் ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து. அந்த 16 பக்கத்தையும் கேட்டால், இந்த நிர்ப்பந்தத்தில் இந்த வயதில் இவ்வளவு துல்லியம் எப்படி என்றுதான் தோன்றும். பியானோ துணை சில இடங்களில் தடதடவென்று அடிக்கிறது; அக்காலத் தட்டுகளில் அது சகஜம், காதைப் பெட்டியின் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தட்டுகள் கடல் கடந்து அயர்லாந்துக்கும் போய், அங்கேயும் பெட்டிக்காரர்கள் பிரமித்தார்கள்.

பிறகு தரை போனது. 1950களின் பிற்பாதியில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஊரிலிருந்து வருவோர் எண்ணிக்கை விழுந்தது. ஏற்கெனவே வந்தவர்கள் கல்யாணம், குழந்தை என்று நகருக்கு வெளியே வீடு வாங்கிப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ராக் அண்ட் ரோல். ஒவ்வொரு கூடமாக மூடியது. வாரத்தில் பல இரவு இருந்த வேலை, சில ஆண்டுகளில் கரைந்துபோனது.

மிச்சமிருந்த வேலை கல்யாண வரவேற்பு, கிளப், விருந்து. இத்தாலியர் கல்யாணம், யூதர் கல்யாணம், அந்தந்த வருஷத்துப் பாப் பாட்டு. இதில் டி–சி ஷார்ப் பெட்டியை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. ஏன் என்பதற்கு பி ஃப்ளாட் சுருதியை எடுத்துக்கொள்ளலாம். சாக்ஸஃபோன்காரருக்கு அது வீட்டுமுற்றம். நம் பெட்டியில் பி ஃப்ளாட் உள் வரிசையில் இழுப்பு, சி உள் வரிசையில் இழுப்பு, டி வெளி வரிசையில் தள்ளல், ஈ ஃப்ளாட் மறுபடி உள் வரிசையில் இழுப்பு, எஃப் உள் வரிசையில் தள்ளல், ஜி வெளியே இழுப்பு, ஏ வெளியே தள்ளல். சுரம் எல்லாம் இருக்கிறது. வேகமாகப் போனால் விரல் முறுக்கிக்கொள்ளும் என்பதை உழைத்துச் சமாளித்துவிடலாம். இடது கைதான் கைவிரித்துவிடும். எட்டு பேஸ் பட்டனில் பெட்டியின் சொந்தச் சுருதியைச் சுற்றியுள்ள சில கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) தான் உண்டு, அவையும் திசைக்குத் திசை மாறுபவை. பாடகி வந்து "எனக்கு அரைச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள்" என்றால் கதை முடிந்தது.

பியானோ அக்கார்டியனில் 41 கட்டை, 120 பேஸ் பட்டன். தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே சுரம். எந்தச் சுருதியிலும் எந்தக் கோர்டும் இருக்கும். இரண்டு வரிசைப் பெட்டி நாலைந்து கிலோ என்றால் இது பத்துக் கிலோவைத் தாண்டும். டெரேன் இதற்கு மாறினார். பிறகு எலெக்ட்ரானிக் கீபோர்டு. பகலில் பாஸ்டனின் பொதுப் போக்குவரத்து அமைப்பில் வேலை. இதைச் சிலர் 'விட்டுக்கொடுத்துவிட்டார்' என்று எழுதும்போது எனக்குக் கோபம் வரும். ஆட்டத்துக்கு வாசிக்கும் இசைக்காரர் ஆடுகிறவர்கள் எங்கே போகிறார்களோ அங்கே போவார். கூடம் மூடிய பிறகும் டட்லி தெருவில் நின்றுகொண்டிருக்க முடியாது. அதோடு, மெட்டு வாசிக்கும் கைக்கு இத்தனை ஆண்டுகளில் கோர்டு, சுருதி மாற்றம், வேற்று இசை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. அதன் பலன் பின்னால் தெரிந்தது.

1993இல் காப்லி தட்டுகள் குறுந்தகடாக வந்தன. வாசித்தவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதே பலருக்குச் செய்தி. 1994 மே மாதம், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவின் உல்ஃப் ட்ராப் ஐரிஷ் விழாவுக்கு அழைப்பு, அதுவும் பட்டன் பெட்டி வாசிக்க. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி.

இப்படி இடைவெளி விட்டுத் திரும்புகிறவருக்கு என்ன ஆகும் என்பது பெட்டி கற்பிப்பவர்களுக்குத் தெரியும். மெட்டு மறக்காது, விரலின் வேகமும் ஓரளவு வந்துவிடும், கீபோர்டு வாசித்த விரல்தானே. போயிருப்பது இடது கை. பியானோ அக்கார்டியனில் துருத்தி, மூச்சு மாதிரி: வாக்கியத்துக்கு ஒருமுறை நிதானமாக மாறும். மூளையில் 'இந்த விரல் இந்தச் சுரம்' என்று பதிந்துபோயிருக்கும். பட்டன் பெட்டியிலோ விரல் பாதி, திசை பாதி. முதல் வாரங்களில் பட்டன் சரியாக இருக்கும், கை எதிர்த் திசையில் போகும். க-வுக்குப் பதில் ம கேட்கும். வேகத்தைக் குறைத்தாலும் உடனே சரியாகாது, ஏனென்றால் மெதுவாக வாசிக்கும்போது கை பழைய பியானோ அக்கார்டியன் வழக்கத்துக்கு இன்னும் வசதியாக நழுவும். செய்ய வேண்டியது இது: உள் வரிசையை மறந்துவிட்டு டி வரிசையில் மட்டும் அடங்கும் மெட்டுகளை எடுத்து, ஒவ்வொரு திசை மாற்றத்திலும் அழுத்தம் கொடுத்து, அசிங்கமாகக் கேட்டாலும் பரவாயில்லை என்று வெட்டி வெட்டி வாசிப்பது. கை திசையை நம்ப ஆரம்பித்த பிறகு, ஜி மெட்டு, சாதா 'சி', பிறகு உள் வரிசை எஃப் ஷார்ப். ட்ரிப்லெட் கடைசியில். பெட்டியைத் தொடையில் வைக்கும் கோணம்கூட மாற வேண்டும்: இடது தொடையில் துருத்தி ஊன்றி, வலப்பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். வலப்பக்கம் ஆடினால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பட்டன் விரலைவிட்டு ஒரு நூல் நகரும். நொடிக்கு நாலைந்து முறை நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக்கும் வயதாகியிருக்கும். அதிரும் உலோக நாக்குக்கு ரீடு என்று பெயர். ஒரு சுரத்துக்குச் சேர்ந்து ஒலிக்கும் ரீடு ஒவ்வொன்றும் ஒரு குரல். 23 பட்டன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, திசைக்கு இரண்டு குரல் என்றால் 92 ரீடு. மூன்று குரல் என்றால் 138. இவற்றைத் தாங்குவது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த ஒட்டு. முப்பது நாற்பது ஆண்டில் அது காய்ந்து வெடிக்கும். ரீடுத் தகடு கழன்று உள்ளே கடகடக்கும். ரீட்டின் பின்புறத் தோல் மடிப்புகள் சுருண்டு, சுரம் தாமதமாக எழும். ஈரம் பட்ட இடத்தில் எஃகு நாக்கு துருப்பிடித்து சுருதி இறங்கும். சரிசெய்பவர் நாக்கின் நுனியில் மெல்லச் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவெட் பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய உலோகம் திரும்ப வராது என்பதால், அலமாரியில் கிடந்த பழைய பெட்டியை அவசரக்காரர் கையில் கொடுக்கவே கூடாது.

உல்ஃப் ட்ராப்பில் பியானோவுக்கு ஃபீலிக்ஸ் டோலன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆண்டே, 1995இல், டோலனோடு புதிய இசைத்தொகுப்பு. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2002இல் கால்வே ஃபிடில்காரர் ஃப்ராங்கி கேவினோடு ஒன்று, 2010இல், எண்பது வயதில், கிதார்காரர் ஜான் மெக்கனோடு 'க்ரோவ் லேன்'. 2004இல் நேஷனல் ஹெரிடேஜ் ஃபெலோஷிப். மரபுக் கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உச்ச கௌரவம் அதுதான்.

பிற்காலப் பதிவுகளையும் காப்லித் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் தட்டல் அதேதான். மாறியிருப்பது இரண்டு. ஒன்று, இடது கை. அந்தக் காலப் பெட்டிக்காரர்களில் பலர் பேஸ் பட்டனைத் தொடவே மாட்டார்கள், அல்லது தாளத்துக்காகக் கண்டபடி தட்டுவார்கள். திரும்பி வந்த டெரேனின் இடது கைக்குக் கோர்டு தெரிந்திருந்தது. எங்கே சரியான கோர்டு இல்லையோ அங்கே சும்மா இருக்கவும் தெரிந்திருந்தது. இன்னொன்று, அரைச்சுரங்களில் ஏறி இறங்கும் வளைவுகள். ராக்ஸ்பரியில் இருபது வயதில் வாசித்தவருக்கு அவை தேவைப்படவில்லை. கல்யாண மண்டபங்களில் இரவிரவாக வாசித்த முப்பது ஆண்டு கொடுத்த வரவு அது என்பது என் கணிப்பு. சில மரபுவாதிகளுக்கு அந்த வளைவுகள் பிடிக்கவில்லை. எனக்கு அவைதான் பிடித்தமானவை.

அவர் பாணியில் வாசிக்க ஆசைப்பட்டு இன்று பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு. 'டி–சி ஷார்ப்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'வெளி வரிசை டி, உள் வரிசை சி ஷார்ப்' என்று தெளிவாக எழுதுங்கள். ஜோ கூலி வாசித்த, ஜாக்கி டேலி வாசிக்கும் சி ஷார்ப்–டி பெட்டியும் தள்ளி இழுப்பதுதான், ஆனால் வரிசை தலைகீழ். அது வந்து சேர்ந்தால், எட்டித் தொட வேண்டிய சுரங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கும். இரண்டு குரலின் சுருதி சற்றே விலகுவதால் வரும் நடுக்கத்தின் அளவையும் சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் சொல்லுங்கள். இரண்டு குரலில் ஒன்றை 20 சென்ட் ஏற்றி வைத்தால் ஏ சுரத்தில் நொடிக்கு ஐந்து அலை வரும். பழைய நடனக் கூடத்து அகலமான சத்தத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பட்டறைகள் இன்று கேட்காமலே தருவது அதைவிட மிகக் குறைவு. பேஸ் பட்டன்களில் எந்தத் திசையில் எந்தக் கோர்டு வேண்டும் என்று ஒரு படம் வரைந்தே அனுப்புவது உத்தமம். கடையில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலானவை பி–சி பெட்டிக்கானவை. அவற்றின் விரல் எண்களை அடித்துவிட்டு, பக்கத்தில் தள்ளல், இழுப்பு என்று பென்சிலால் குறித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.